ஃபுளோரன்ஸ் பியூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இங்கிலாந்து நடிகையின் பெயரை எப்படிச் சொல்வது? பக்கா, புக்கா, பியூவா?

பியூ. வெல்ஷ் மொழியில் ‘ஆப் ஹியூ’ என்றால் ஹியூவின் மகன் என்று பொருள். இரண்டு சொற்களும் ஒட்டி, முன்னால் இருந்த உயிரெழுத்து உதிர்ந்து ‘பியூ’ ஆனது. அப்பா பெயரை இனிஷியலாகச் சுமக்கிற நமக்கு இது அந்நியமான வழக்கமில்லை.

எந்த ஊர், எந்தக் குடும்பம்?

1996 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் நினைவுக்கு வரும் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. அப்பா கிளின்டன் பியூ உணவகம் நடத்தியவர். கவுலி ரோட்டில் அவருடைய உணவகங்கள் பேர்பெற்றிருந்தன. அம்மா நடனக் கலைஞர். வீட்டில் நான்கு பிள்ளைகள். அண்ணன் டோபி செபாஸ்டியனும் நடிகர்தான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் டோர்ன் நாட்டு இளவரசன் டிரிஸ்டனாக வந்தவர் அவரே.

குரல் ஏன் அப்படிக் கரகரப்பாக இருக்கிறது? புகைப்பழக்கமா?

இல்லை. குழந்தையாக இருந்தபோது அவருக்கு டிராக்கியோமலேசியா என்ற கோளாறு இருந்தது. மூச்சுக்குழாயைத் தாங்கி நிற்க வேண்டிய குருத்தெலும்பு விறைப்பில்லாமல் தளர்ந்திருக்கும். இருமும்போதும் வேகமாக மூச்சு வாங்கும்போதும் குழாய் உள்ளே அமுங்கும். சின்னச் சளியே ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்விடும். இங்கிலாந்தின் ஈரக்குளிர் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதால், மூன்று வயதில் குடும்பமே ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள ஆண்டலூசியாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில்தான் ஆக்ஸ்ஃபோர்டு திரும்பினார்கள்.

தன்னுடைய கனத்த குரலுக்கும் உரத்த சிரிப்புக்கும் அந்தக் கோளாறுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதை வெறும் மருத்துவத் தகவலாக விட்டுவிட முடியாது. அவர் நடிப்பைக் கூர்ந்து கவனித்தால் முதலில் காதில் விழுவது மூச்சு. வசனத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு, பாதியில் சிக்குகிற மூச்சு, பேசி முடித்த பிறகும் அடங்காத மூச்சு. மற்றவர்கள் முகத்தில் கொண்டுவருவதை இவர் பல இடங்களில் தொண்டையிலேயே கொண்டுவந்துவிடுகிறார்.

நடிப்பு எப்போது தொடங்கியது?

ஆறு வயதில், பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக. அந்த மரியாளுக்கு இங்கிலாந்தின் வட பகுதியான யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சைக் கொடுத்தாராம். ஆறு வயதுக் குழந்தைக்கு, பாத்திரத்துக்கென்று தனிப் பேச்சு வேண்டும் எனத் தோன்றியிருக்கிறது பாருங்கள்!

திரைக்கு வந்தது 2014-ல், கேரல் மார்லி இயக்கிய ‘தி ஃபாலிங்’ மூலம். 1969-ல் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகள் ஒருவர்பின் ஒருவராக மயங்கி விழுகிற கதை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புகழ் மேய்ஸி வில்லியம்ஸின் நெருங்கிய தோழியாக நடித்தார். அப்போது பள்ளிப் படிப்பே முடியவில்லை. நடிப்புக் கல்லூரிப் பக்கம் அவர் போனதே இல்லை.

அமெரிக்காவில் அவரை எடை குறைக்கச் சொன்னார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

‘தி ஃபாலிங்’ முடிந்த கையோடு, 19 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் ‘ஸ்டுடியோ சிட்டி’ என்ற தொடரின் பைலட் எனப்படும் சோதனை எபிசோடில் வாய்ப்பு வந்தது. பாட்டில் பெரிய ஆளாக வேண்டும் என்ற கனவோடு அப்பாவிடம் வந்து சேரும் பெண்ணின் பாத்திரம். வாழ்க்கையின் உச்சத்துக்கு வந்துவிட்டதாகவே நினைத்தார். பிறகு, தயாரிப்புத் தரப்பிலிருந்து மாற்றங்கள் வரத் தொடங்கின. எடை மாற வேண்டும், முகத்தின் அமைப்பு மாற வேண்டும், புருவத்தின் வடிவம் மாற வேண்டும். 2022-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதை விவரமாகச் சொன்னார்.

அந்த பைலட் தொடராக வளரவே இல்லை. இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார். இரண்டு வாரத்தில் ‘லேடி மக்பெத்’ படத்துக்கான ஆடிஷன் வந்தது. அந்தப் படம்தான் தன்னை மறுபடி சினிமாவை நேசிக்க வைத்தது என்கிறார்.

மாற்றச் சொன்னவை எவை என்று திரும்பப் பாருங்கள். உருண்ட முகம், அடர்ந்த புருவம், தசைப்பிடிப்பான உடம்பு. இன்று உலகமே இவரை அடையாளம் கண்டுகொள்வது இவற்றால்தான். உதட்டோரம் கீழ்நோக்கி வளைந்து முகம் மொத்தமும் சுருங்குகிற அந்த ‘பியூ முகச்சுளிப்பு’ ரசிகர்கள் நடுவே தனிப் புகழ் பெற்றது. அந்தப் புருவத்தைச் செதுக்கியிருந்தால் அது இருந்திருக்குமா? அந்த 19 வயதுப் பெண் மனம் உடைந்து அங்கேயே எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்பது, அவருடைய ஒவ்வொரு புதுப் படத்தையும் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிற நினைப்பு.

‘லேடி மக்பெத்’ ஷேக்ஸ்பியர் நாடகமா?

இல்லை, பலர் ஏமாறும் இடம் இது. ரஷ்ய எழுத்தாளர் நிக்கொலாய் லெஸ்கோவ் 1865-ல் வெளியிட்ட ஒரு குறுநாவல்தான் மூலம். ஆலிஸ் பர்ச் அதை இங்கிலாந்தின் வடகிழக்குக்குக் கொண்டுவந்து திரைக்கதை எழுதினார். நாடக மேடையிலிருந்து வந்த வில்லியம் ஓல்ட்ராய்டுக்கு அதுதான் முதல் முழுநீளப் படம். செலவு 5 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. டரம் பகுதியில் ஒரு பழைய கோட்டை வீட்டுக்குள் 24 நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

ஒரு துண்டு நிலத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கப்பட்ட மணப்பெண் கேத்ரின். கணவன் தொடமாட்டான், வெளியே போகவும் விடமாட்டான். வேலைக்காரி காலையில் வந்து, இடுப்பை இறுக்கும் கார்செட் கயிற்றை இழுத்துக் கட்ட, நீல உடையில் சோபாவின் நடுவில் உட்காருகிறாள். கேமரா அசையாது, அவளும் அசையமாட்டாள். உட்கார்ந்தபடியே தூக்கம் சொக்கும். சலிப்பை இவ்வளவு துல்லியமாக நடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பின்பாதியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் மாமனார் செத்துக்கொண்டிருக்க, நடுங்கும் வேலைக்காரியை மேசையில் உட்காரவைத்துச் சாவகாசமாகப் பேச்சுக் கொடுக்கிறாள் கேத்ரின். முகத்தில் கோபமோ மகிழ்ச்சியோ கிடையாது. வீட்டு வேலை ஒன்றை முடித்த நிம்மதிதான் தெரியும். முதலில் நாம் அவள் பக்கம் நிற்கிறோம். எந்த இடத்தில் விலகினோம் என்பது ஒவ்வொருவருக்கும் வேறுபடும். நான் ரொம்பத் தாமதமாக விலகினேன். அதுவே என்னை உறங்கவிடாமல் செய்தது.

2017 பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் இந்தப் படம் ஐந்து விருதுகளை வென்றது. சிறந்த நடிகை விருதும் அதில் ஒன்று. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியான பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

2019-ஐ அவருடைய ஆண்டு என்று ஏன் சொல்கிறார்கள்?

ஒரே ஆண்டில் மூன்று படங்கள், மூன்றும் வெவ்வேறு உலகம்.

‘ஃபைட்டிங் வித் மை ஃபேமிலி’யில் நார்விச் நகரத்து மல்யுத்தக் குடும்பத்திலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் ஆன பேஜ். ஸ்டீபன் மெர்ச்சன்ட் இயக்கிய உண்மைக்கதை. உச்சக்கட்டச் சண்டையை, லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் உண்மையான போட்டி ஒன்று முடிந்ததும் அங்கேயே கூட்டத்தை உட்காரவைத்து எடுத்தார்கள். சில வாரப் பயிற்சியோடு ஆயிரக்கணக்கான அசல் ரசிகர்கள் முன்னால் வளையத்துக்குள் இறங்கினார்.

அடுத்து ஆரி ஆஸ்டரின் ‘மிட்சோமார்’. அதற்குத் தனியாகவே பதில் எழுத வேண்டும், கீழே வருகிறேன்.

மூன்றாவது கிரெட்டா கெர்விக்கின் ‘லிட்டில் விமன்’. லூயிசா மே ஆல்காட்டின் நாவலில் வரும் நான்கு சகோதரிகளில் கடைக்குட்டி ஏமி. அக்கா ஜோ எழுதிய கையெழுத்துப் பிரதியைப் பொறாமையில் எரித்துவிடுகிறவள். அதனாலேயே தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் அவளை மன்னிக்கவில்லை. பியூ வந்த பிறகு நிலைமை மாறியது. பள்ளிச் சிறுமி ஏமியையும் பாரிஸில் ஓவியம் பயிலும் இளம்பெண் ஏமியையும் அவரே நடித்தார். சிறுமிக்கு வேகமான, அடங்காத குரல். வளர்ந்தவளுக்கு நிதானமான, அளந்து பேசுகிற குரல். பணக்கார வரன் தேடுவதைப் பக்கத்து வீட்டு இளைஞன் லாரி குத்திக்காட்டும்போது ஏமி திருப்பிச் சொல்கிற பதில் ஒன்று வரும்: ஒரு பெண்ணுக்குச் சொந்தமாகச் சம்பாதிக்க வழியில்லை, சம்பாதித்தாலும் அது கணவனுடையது, பெற்ற பிள்ளையும் சட்டப்படி அவனுடையது, ஆகவே கல்யாணம் என்னைப் பொறுத்தவரை பண விவகாரம்தான் என்கிற பதில். மெரில் ஸ்ட்ரீப் யோசனை சொல்ல, கெர்விக் பிற்பாடு சேர்த்த பகுதி அது. பியூ அதில் அழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கணக்கு சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, முதுகுப் பக்கப் பொத்தானை அவிழ்க்க உதவி கேட்டுத் திரும்பி நிற்கிறார்.

‘மிட்சோமார்’ பார்க்கலாமா? பயமாக இருக்குமா?

இருக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கும், சமீபத்தில் வீட்டில் துக்கம் கண்டவர்களுக்கும் நான் சொல்லமாட்டேன். ஒரே இரவில் குடும்பம் முழுவதையும் இழந்த டேனி, தன்னைச் சுமையாக நினைக்கும் காதலனோடு சுவீடனில் ஒரு கோடைத் திருவிழாவுக்குப் போகிறாள். சூரியன் மறையாத நாட்கள். அத்தனை கொடுமையும் வெளிச்சத்திலேயே நடக்கிறது. (படம்பிடித்தது சுவீடனில் அல்ல, ஹங்கேரியில்.)

தொடக்கத்தில், செய்தி வந்த இரவில், காதலன் மடியில் கிடந்து டேனி அழுகிறாள். அந்த அழுகையில் சொல் எதுவும் இல்லை. அடிவயிற்றிலிருந்து எழும் ஓலம் மட்டுமே. காதலன் தட்டிக்கொடுக்கிறான், அவன் அங்கே இல்லை என்பது தெரிகிறது. படத்தின் பின்பகுதியில் மறுபடி உடைந்து விழுகிறாள். இந்த முறை அந்த ஊர்ப் பெண்கள் சூழ்ந்து, அவள் மூச்சு இழுத்தால் தாங்களும் இழுத்து, அவள் கதறினால் தாங்களும் கதறுகிறார்கள். கட்டிப்பிடித்து, மாரில் சாய்ந்து, ஒரே குரலாக. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரிப் புரியும் என்று நினைக்கிறேன். படத்தில் அந்தப் பெண்கள் நல்லவர்களா என்பது வேறு விஷயம். டேனியின் துக்கத்துக்கு அங்கேதான் முதல்முதலாகத் துணை கிடைக்கிறது.

அந்த அழுகையை வரவழைக்கத் தன் குடும்பத்தாரின் சாவையெல்லாம் கற்பனை செய்துகொண்டதாகவும், தன்னையே துன்புறுத்திக்கொண்டதாகவும், இனி அந்த அளவுக்குப் போகமாட்டேன் என்றும் பிறகு சொன்னார். நல்ல நடிப்புக்கு நடிகர் நாசமாகத்தான் வேண்டும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் படப்பிடிப்பு முடிந்ததும் நேராக ‘லிட்டில் விமன்’ படப்பிடிப்புக்குப் போய் மீண்டு வந்தார்.

ஆஸ்கர் வாங்கிவிட்டாரா?

இன்னும் இல்லை. ‘லிட்டில் விமன்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகை பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார், பாஃப்டாவிலும் அப்படியே. 2020 பிப்ரவரியில் அந்த ஆஸ்கரை வென்றவர் லாரா டெர்ன். வேறொரு படத்துக்காகத்தான் என்றாலும், ‘லிட்டில் விமன்’ படத்தில் ஏமியின் அம்மாவாக நடித்தவர் அவர்!

மார்வெல் படங்களில் அவர் யார்?

யெலேனா பெலோவா. 2021-ல் ‘பிளாக் விடோ’வில் ஸ்கார்லெட் ஜோஹான்சனின் தங்கையாக அறிமுகம். கொரோனாவால் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போன படம். அதே ஆண்டு ‘ஹாக்ஐ’ தொடர். 2025-ல் ‘தண்டர்போல்ட்ஸ்’ படத்தின் மையப் பாத்திரம்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் யெலேனா ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுகிறாள் அல்லவா, அது கோலாலம்பூரின் மெர்டேக்கா 118. உயரம் 678.9 மீட்டர், உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். மலேசியத் தமிழர்களுக்கு அன்றாடம் கண்ணில் படுகிற கோபுரம். கம்பிவடம் கட்டிக்கொண்டு உண்மையிலேயே குதித்தவர் பியூதான். காப்பீட்டுக் காரணங்களால் ஸ்டுடியோ தயங்கியபோதும் விடாமல் கேட்டு வாங்கினார். எனக்கோ குதித்ததைவிடக் குதிப்பதற்கு முந்தைய முகம்தான் முக்கியம். எதிலும் பிடிப்பில்லாத, வாழ்க்கை சலித்துப்போன முகம். சூப்பர் ஹீரோ படத்தில் மனச்சோர்வை இவ்வளவு நேராகக் காட்ட முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் கறுப்பு உடை விவகாரம் என்ன?

அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய விஞ்ஞானி ஓப்பன்ஹைமரைப் பற்றி 2023 ஜூலையில் வந்த கிறிஸ்டோபர் நோலனின் படம். ஓப்பன்ஹைமரின் காதலியான மனநல மருத்துவர் ஜீன் டாட்லாக்காகப் பியூ நடித்தார். படுக்கையறைக் காட்சியில் ஜீன் அலமாரியிலிருந்து பகவத்கீதையை எடுத்து நீட்டி வாசிக்கச் சொல்கிறாள். உலகங்களை அழிக்கும் காலம் நானே என்கிற பொருளில் 11-ம் அத்தியாயத்தில் வரும் வரியை ஓப்பன்ஹைமர் வாசிக்கிறார். புனித நூலை அந்தச் சூழலில் வைத்ததற்கு இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. இது ஒன்று. ஜீன் ஆடையின்றி அமர்ந்திருக்கும் இன்னொரு காட்சியில், இந்தியத் திரையரங்குப் பிரதியில் கிராஃபிக்ஸ் மூலம் கறுப்பு உடை ஒன்று போர்த்தப்பட்டது. இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் பேசுகிறார்கள்.

என் வருத்தம் வேறு இடத்தில். ஜீன் டாட்லாக் 1944 ஜனவரியில், 29 வயதில் இறந்துபோன ஒரு மருத்துவர். இவ்வளவு சர்ச்சையில் அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. திரையில் பியூவுக்குக் கிடைத்த நேரமும் குறைவு. பாத்திரம் சிறியது என்று நோலன் முன்கூட்டியே வருத்தம் தெரிவித்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

2022-ல் ஓர் உடைக்காக ஏன் அவ்வளவு கண்டனம்?

அந்த ஜூலையில் ரோமில் வாலன்டினோ நிறுவனத்தின் ஆடைக் காட்சிக்கு, உள்ளே உடல் தெரியும் மெல்லிய இளஞ்சிவப்பு கவுனில் வந்தார். சமூக வலைத்தளங்களில் அவருடைய மார்பின் அளவைச் சொல்லிக் கேலிசெய்தார்கள், பெரும்பாலும் ஆண்கள். தன் உடம்பின் குறை நிறையை வெகுகாலமாக அறிந்தவள் தான் என்றும், அது தனக்குப் பயம் தரவில்லை என்றும், உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம் என்றும் இன்ஸ்டாகிராமில் திருப்பிக் கேட்டார். லாஸ் ஏஞ்சலஸில் 19 வயதில் சொல்ல முடியாமல் போன பதிலை 26 வயதில் சொன்னார் என்றே நான் அதை வாசித்தேன்.

உடல்நலம் பற்றி ஏதோ சொன்னாரே?

2024-ல் ஒரு பாட்காஸ்ட் உரையாடலில், தனக்கு பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும், கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் இருப்பது தெரியவந்ததாகவும், அதனால் 27 வயதிலேயே கருமுட்டைகளை உறையவைத்துச் சேமித்ததாகவும் சொன்னார். இளம்பெண்கள் நேரத்தோடு பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வெளியே பேசினார். மாதவிடாய் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்ட நம் வீட்டுப் பெண்களும் கேட்கவேண்டிய பேச்சு அது.

பாடுவாரா? சமைப்பாரா?

இரண்டும். பதின்வயதில் ‘ஃபிளாசி ரோஸ்’ என்ற பெயரில் கிட்டாரோடு பாடி யூடியூபில் போட்டவர். 2023-ல் வந்த ‘எ குட் பெர்சன்’ படத்தில் தானே எழுதிய பாடல்களைப் பாடினார். ஊரடங்கு நாட்களில் ‘குக்கிங் வித் ஃப்ளோ’ என்று இன்ஸ்டாகிராமில் சமைத்துக்காட்டியதைப் பார்த்தவர்களுக்கு, உணவகக்காரர் மகள் என்பதைச் சொல்லவே வேண்டாம். வெங்காயம் நறுக்கும் வேகமே காட்டிக்கொடுத்துவிடும்.

தலையை உண்மையிலேயே மழித்துக்கொண்டாரா?

ஆம், 2024-ல் வந்த ‘வீ லிவ் இன் டைம்’ படத்துக்காக. கருப்பைக்கு அருகில் உள்ள சினைப்பையில் புற்றுநோய் வந்த சமையல் கலைஞர் ஆல்முட். துணைவனாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டு கேமரா முன்னாலேயே மெஷினை எடுத்து மழித்தார். மறுபடி எடுக்க முடியாத காட்சி.

அடுத்து என்ன?

2024-ல் ‘டியூன்’ இரண்டாம் பாகத்தில் இளவரசி இருலானாக வந்தார். மூன்றாம் பாகத்திலும் இருக்கிறார். யெலேனாவாக ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’யும் அறிவிக்கப்பட்டது. நான் அதிகம் எதிர்பார்ப்பது ஜான் ஸ்டெய்ன்பெக் 1952-ல் எழுதிய ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலை நெட்ஃபிளிக்ஸ் தொடராக்கும் முயற்சி. 1955-ல் அதைப் படமாக்கியவர் எலியா கஸான். தொடருக்குத் திரைக்கதை எழுதியவர் அவருடைய பேத்தி ஜோயி கஸான். பியூவுக்குக் கேத்தி பாத்திரம். மனசாட்சியே இல்லாதவளாக ஸ்டெய்ன்பெக் எழுதிவைத்த பெண் அவள். ‘லேடி மக்பெத்’ கேத்ரினை நடித்தவரைத் தவிர வேறு யாரை அழைத்திருக்க முடியும்?

இதுவரை எதுவும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

குடும்பத்தோடு என்றால் ‘லிட்டில் விமன்’. தனியாக, இரவில் என்றால் ‘லேடி மக்பெத்’, 89 நிமிடம்தான். இரண்டும் பிடித்திருந்தால் ‘தி வொண்டர்’ பாருங்கள். ‘லேடி மக்பெத்’ எழுதிய அதே ஆலிஸ் பர்ச் திரைக்கதையில் பங்கேற்ற படம். 1862 அயர்லாந்தில், மாதக்கணக்கில் உண்ணாமலே உயிரோடு இருப்பதாக ஊர் நம்பும் ஒரு சிறுமியைக் கண்காணிக்க இங்கிலாந்திலிருந்து நர்ஸ் ஒருத்தி வருகிறாள். அந்த நர்ஸ் ஒரு காட்சியில் தனியாக உட்கார்ந்து வாய் நிறைய அள்ளிச் சாப்பிடுவாள். எல்லோரும் பட்டினியைப் புனிதமாக்கிக்கொண்டிருக்கும் ஊரில், அந்தச் சாப்பாட்டைப் பியூ எப்படிச் சாப்பிடுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்தால் இன்னும் நல்லது.